பத்துக்கு ஒன்று

ஓர் அணி தோற்றுவிட்டால் பதினொரு பேரை வீட்டுக்கு அனுப்ப இயலாது, ஒருவரை அனுப்பிவிடலாம். பயிற்சியாளர் என்னும் பதவியின் விசித்திரமான இயல்பு இதுதான். ஆட்டம் நடக்கும் தொண்ணூறு நிமிடங்களில் ஒருமுறையேனும் பந்தைத் தொடாதவர் அவர். எனினும் வெற்றியில் பாதியும் தோல்வியில் முழுமையும் அவர் கணக்கில் எழுதப்படுகின்றன. யார் அவரை அமர்த்துகிறார்கள், எதற்காக நீக்குகிறார்கள், நீக்கியபின் என்ன நடக்கிறது என்று வரலாற்றைப் புரட்டிப் பார்த்தால், விளையாட்டைப் பற்றி மட்டுமன்று, மனிதர்கள் ஒருவரையொருவர் எவ்வளவு காலம் நம்புகிறார்கள் என்பதைப் பற்றியும் நாம் அறிந்துகொள்ள இடமுண்டு.

இக்கலையில் முதலிடம் பெற்றிருப்பவை அமெரிக்க நாட்டுக் கல்லூரிகள். அங்கே கால்பந்து என்று வழங்குவது நாம் அறிந்த கால்பந்தன்று. முட்டை வடிவப் பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஓடுவதும், எதிரே வருபவரை மோதிக் கீழே தள்ளுவதுமான ஆட்டம் அது. 1869ஆம் ஆண்டு இரு கல்லூரிகளின் மாணவர்கள் தமக்குள் ஆடிய விளையாட்டு, இன்று தொலைக்காட்சிப் பணத்தால் கொழுத்த பெருந்தொழிலாக வளர்ந்து நிற்கிறது. டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகம் 2023 நவம்பரில் ஜிம்போ ஃபிஷர் என்னும் தன் தலைமைப் பயிற்சியாளரை நீக்கியது. ஒப்பந்தத்தில் எஞ்சியிருந்த ஆண்டுகளுக்காக அவருக்குத் தர வேண்டியிருந்த தொகை 7½ கோடி டாலருக்கும் மேல். இனி வரவேண்டாம் என்பதற்காகக் கொடுக்கும் பணம் அது! திராட்சைத் தோட்ட உவமையில் கடைசி நேரத்தில் வந்தவர்களும் முழுக் கூலி பெற்றார்கள் என்பதை நாம் அறிவோம். ஆனால் அவர்களும் ஒரு மணி நேரமாவது வேலை செய்தார்கள்.

திருச்சிலுவைச் சபைக் குருக்கள் 1842இல் நிறுவிய நோட்டர் டேம் பல்கலைக்கழகமும் இந்த ஆட்டத்திலிருந்து ஒதுங்கி நின்றதில்லை. சொல்லப்போனால் அதன் புகழில் ஒரு பகுதி இந்த ஆட்டத்தால் வந்தது. அங்கே பயிற்சியாளராயிருந்த பிரையன் கெல்லி 2021இன் இறுதியில் கூடுதல் ஊதியம் தேடித் தாமாகவே லூயிசியானா மாநிலப் பல்கலைக்கழகத்துக்குப் போனார். நான்காண்டுகள் நிறைவதற்குள், 2025 அக்டோபரில், அங்கிருந்து நீக்கப்பட்டார். நிறுவனம் ஆளை வெட்டிவிடுவதும், ஆள் நிறுவனத்தை உதறிவிட்டுப் போவதும் ஒரே நாணயத்தின் இரு பக்கங்களாகிவிட்ட காலம் இது.

ஆனால் அதே நோட்டர் டேமில் வேறொரு கதையும் உண்டு. நமக்கு அது கூடுதல் சுவையுடையது. 1980இன் இறுதியில் ஜெரி ஃபாஸ்ட் என்பவரை அவர்கள் பயிற்சியாளராக அமர்த்தினார்கள். அதற்கு முன் அவர் கல்லூரி எதிலும் தலைமைப் பயிற்சியாளராயிருந்தவரல்லர். சின்சினாட்டி நகரில் மோலர் என்னும் கத்தோலிக்க உயர்நிலைப்பள்ளி ஒன்றில் பதினெட்டாண்டுகள் பயிற்சியளித்து, 174 ஆட்டங்களில் வென்று 17இல் மட்டுமே தோற்றவர். பள்ளியில் மலைபோல் நின்றவர் பல்கலைக்கழகத்தில் தடுமாறினார். இரண்டாம் ஆண்டு, மூன்றாம் ஆண்டு என்று தோல்விகள் சேரச்சேர, அவரை அனுப்பிவிடுமாறு பழைய மாணவர்களும் நன்கொடையாளர்களும் முழங்கினார்கள். அப்போது பல்கலைக்கழகத் தலைவராக இருந்தவர் அருட்தந்தை தியடோர் ஹெஸ்பர்க். ஐந்தாண்டுகளுக்கென்று ஒப்பந்தம் செய்திருக்கிறோம், ஐந்தாண்டுகள் அவர் இருப்பார் என்பதே அவருடைய நிலைப்பாடு. அவ்வாறே 1985 வரை ஃபாஸ்ட் இருந்தார். 30 வெற்றி, 26 தோல்வி, ஒரு சமன் என்ற கணக்கோடு, கடைசி ஆட்டத்துக்குச் சில நாட்கள் முன்னதாகத் தாமே விலகலை அறிவித்தார். அந்தக் கடைசி ஆட்டத்தில் அவருடைய அணி 58க்கு 7 என்று தோற்றது. சொன்ன சொல்லைக் காத்ததற்குப் பரிசாக வெற்றி வந்து சேரவில்லை என்பதையும் நாம் மறைக்காமல் குறிப்பிட வேண்டும். வந்திருந்தால் இக்கதை மறையுரைகளில் எடுத்தாள வசதியாயிருந்திருக்கும்.

இன்னும் பின்னோக்கிச் சென்றால் அமோஸ் அலோன்சோ ஸ்டாக் என்பவரைச் சந்திக்கிறோம். யேல் பல்கலைக்கழகத்தில் இறையியல் பயின்று போதகராக விரும்பியவர். மேடைப்பேச்சு தமக்கு வராது என்று கண்டு, ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் ஒய்.எம்.சி.ஏ. நடத்திய பயிற்சிப் பள்ளிக்குச் சென்று விளையாட்டாசிரியரானவர். 1892இல் புதிதாகத் திறக்கப்பட்ட சிகாகோ பல்கலைக்கழகம் அவரை அழைத்துக்கொண்டது. அழைத்தவர் அதன் முதல் தலைவரும் எபிரேய மொழி அறிஞருமான வில்லியம் ரெய்னி ஹார்ப்பர். ஸ்டாக் அங்கே நிலையான பேராசிரியப் பணியிடத்திலேயே அமர்த்தப்பட்டார். ஆகவே தோல்வியைக் காரணம் காட்டி அவரை நீக்க வழியில்லை. நாற்பது ஆண்டுகள் இருந்தார். அவரை வெளியேற்றியது வயது வரம்பு மட்டுமே. 70 வயது நிரம்பியதும், 1932ஆம் ஆண்டுப் பருவம் முடிந்தவுடன், ஓய்வு கொடுத்தார்கள். அவரோ ஓயவில்லை. கலிஃபோர்னியாவில் பசிபிக் கல்லூரி என்னும் சிறு நிறுவனத்தில் சேர்ந்து இன்னும் பதினான்கு பருவங்கள் பயிற்சி கொடுத்து, 102 வயதில், 1965இல் மறைந்தார்.

அவருக்குப் பின் சிகாகோவில் பொறுப்பேற்ற கிளார்க் ஷானஸியின் கதை இதைவிடத் திகைப்பூட்டுவது. 1939இல் அவருடைய அணி மிச்சிகன் பல்கலைக்கழகத்திடம் 85க்கு 0 என்று தோற்றது. அக்காலச் சிகாகோவின் தலைவர் ராபர்ட் ஹட்சின்ஸ் கல்வியே முதன்மை என்னும் கொள்கையில் ஊன்றி நின்றவர். பயிற்சியாளரை நீக்குவதற்கு மாறாக அவர் ஆட்டத்தையே நீக்கிவிட்டார்! ஆட்டமின்றி நின்ற ஷானஸியை ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் அழைத்துக்கொண்டது. 85க்கு 0 என்று தோற்ற அதே மனிதரின் கீழ் மறு ஆண்டில் ஸ்டான்ஃபோர்டு ஓர் ஆட்டத்திலும் தோற்கவில்லை. பத்துக்குப் பத்து வெற்றி. ஓராண்டுக்குள் அவருடைய அறிவு வளர்ந்துவிட்டதா? இல்லை. கையில் கிடைத்த வீரர்கள் வேறு, சூழல் வேறு. இவ்வெளிய உண்மையை ஏற்றுக்கொள்ளத்தான் சங்க நிர்வாகிகளுக்கும் கூட்டத்துக்கும் மனம் வருவதில்லை.

ஸ்டாக் பயின்ற அந்த ஸ்பிரிங்ஃபீல்டு பள்ளியிலிருந்து நம் மண்ணுக்கும் ஒருவர் வந்தார். ஹாரி குரோ பக் என்னும் அமெரிக்கர் 1920இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். ஆசியாவில் அவ்வகையில் முதலாவது என்று அது போற்றப்படுகிறது. 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்குச் சென்ற இந்திய அணியோடும் அவர் பெயர் இணைந்திருக்கிறது. நம் பள்ளிகளில் ‘டிரில் மாஸ்டர்’ என்றும் ‘பி.டி. வாத்தியார்’ என்றும் பெயர் பெற்றுக் கழுத்தில் விசிலோடு உலவும் மனிதருக்கு மூதாதை அவரே எனலாம்.

இங்கேதான் நமக்கும் அமெரிக்கருக்கும் வழிகள் பிரிகின்றன. நம் கல்லூரிகளில் உடற்கல்வி இயக்குநர் என்பவர் மற்றப் பேராசிரியர்களைப் போல் ஊதியமும் பணி நிரந்தரமும் பெற்றவர். பல்கலைக்கழகங்களுக்கிடையிலான போட்டியில் முதல் சுற்றிலேயே தோற்றுத் திரும்பினாலும் திங்கட்கிழமை காலை அவர் வழக்கம்போல் கையொப்பமிடலாம். ஸ்டாக் பெற்றிருந்த பாதுகாப்பை நாம் எல்லோருக்கும் பொதுவாக்கிவிட்டோம். நன்மை இல்லாமற்போகவில்லை: ஆலங்குளம் போன்ற சிற்றூர்களில் கைப்பந்தும் கபடியும் இத்தனை தலைமுறையாகத் தொடர்ந்து ஆடப்படுகின்றன என்றால், வெற்றி தோல்வியைப் பற்றிய அச்சமின்றி, மழையற்ற மாதங்களில் குளத்துத் தரையில்கூடக் கோடு போட்டுப் பிள்ளைகளை ஆடவிட்ட ஆசிரியர்கள் அதில் ஒரு காரணம். தீமையும் உண்டு: ஓய்வு பெறும் வரை பந்து அறையின் சாவியை மட்டும் பத்திரமாகக் காத்தவர்களையும் நாம் பார்த்திருக்கிறோம்.

நீக்கவே முடியாத பி.டி. வாத்தியாருக்கும், மூன்று தோல்வியில் நீக்கப்படும் அமெரிக்கருக்கும் இடையே ஒருவர் நிற்கிறார். இந்தியக் கால்பந்தின் தலைசிறந்த பயிற்சியாளர் சையது அப்துல் ரஹீம். ஐதராபாத்தில் 1909இல் பிறந்தவர். உசுமானியா பல்கலைக்கழகப் பட்டதாரி. தொழிலால் பள்ளி ஆசிரியர். உடற்கல்வியிலும் பட்டயம் பெற்றார். ‘ரஹீம் சாகிப்’ என்று எல்லோரும் அழைத்தனர்.

நாடு விடுதலை பெற்ற மறு ஆண்டில் இந்தியா முதன்முதலாக ஒலிம்பிக் கால்பந்தில் ஆடியது. 1948 லண்டனில் பிரான்சிடம் 2க்கு 1 என்ற கணக்கில் தோற்றாலும், பெரும்பாலோர் வெறுங்காலுடன் ஆடியதைக் கண்டு ஆங்கிலேயர் வியந்தனர். இந்தியாவின் முதல் ஒலிம்பிக் கோலை அடித்தவர் சாரங்கபாணி ராமன். அதன்பின் பொறுப்பு ரஹீமிடம் வந்தது. 1951இல் புதுதில்லியில் நடந்த முதல் ஆசிய விளையாட்டுப் போட்டியில் ஈரானை 1க்கு 0 என வென்று தங்கம் பெற்றது அவருடைய அணி. நாடு மகிழ்ந்தது. அடுத்த ஆண்டே அடி விழுந்தது.

1952 ஜூலை 15. பின்லாந்தின் ஹெல்சிங்கி ஒலிம்பிக். எதிரணி யூகோசுலாவியா. வடதுருவத்தை நெருங்கிய அந்நாட்டின் குளிரில், நம்மவருள் பலர் அப்போதும் வெறுங்காலுடனேயே ஆடினர். பத்துக்கு ஒன்று என்று தோல்வி. அகமது கான் அடித்த அந்த ஒற்றைக் கோல் இல்லாதிருந்தால் அவமானம் இன்னும் முழுமையாயிருந்திருக்கும். ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியா கண்ட மிகப் பெரிய தோல்வி அதுவே.

இன்றைய வழக்கப்படி என்ன நடந்திருக்கும்? விமானம் தரையிறங்குமுன்பே பயிற்சியாளரின் பெயர் ஏட்டிலிருந்து அடிக்கப்பட்டிருக்கும். நடந்தது வேறு. இனி வீரர்கள் காலணி அணிந்தே ஆட வேண்டும் என்று அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனம் விதி செய்தது. நான்காண்டுகள் கழித்து, 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்குக்கு, அதே ரஹீமின் பொறுப்பில்தான் அணி சென்றது.

இடைப்பட்ட ஆண்டுகளில் அம்மனிதர் என்ன செய்தார் என்பதே நம் கவனத்துக்குரியது. ஐதராபாத் நகரக் காவல்துறை அணிக்கும் அவர்தாம் பயிற்சியாளர். பம்பாயின் ரோவர்ஸ் கோப்பையை அவ்வணி 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்துமுறை வென்றது. அது ஒருபுறம். மறுபுறம் அவர் சிறுவர்களுக்கென்று விந்தையான போட்டிகளை நடத்தினார். ஒரு போட்டியில் வலக்கால் பழகியவர்கள் இடக்காலால் மட்டுமே கோல் அடிக்கலாம். இன்னொன்றில் பந்தைக் காலோடு கொண்டு ஓடக்கூடாது. வந்தவுடன் அடுத்தவருக்குத் தட்டிவிட வேண்டும். குறிப்பிட்ட உயரத்துக்கு மேற்பட்டவர்களுக்கு இடமில்லாத போட்டியும் உண்டு. ஆளுக்கு ஒரு பந்து வாங்கிக் கொடுக்கப் பணமில்லாத காலத்தில், விதியை மாற்றியே திறமையை வளர்த்தவர் அவர். கரும்பலகையின் முன் நின்று பழகிய ஒரு பள்ளி ஆசிரியரின் மூளையில்தான் இப்படிப்பட்ட எண்ணம் உதிக்கும் என்று நாம் கருதுகிறோம். வீட்டுப்பாடம் செய்யாத பிள்ளையை வகுப்பிலிருந்து வெளியேற்றுவது எளிது. அவன் எந்தக் கணக்கில் தடுக்கி நிற்கிறான் என்று கண்டு அந்த ஒரு கணக்கையே நூறுவிதமாகக் கொடுப்பது ஆசிரியத் தொழில்.

மெல்போர்னில் ஹங்கேரி விலகியதால் முதல் சுற்றில் ஆடாமலேயே இந்தியா முன்னேறியது. அடுத்து ஆஸ்திரேலியாவை 4க்கு 2 என வீழ்த்தியது. நெவில் டிசூசா மூன்று கோல் அடித்தார். அரையிறுதியில் எதிரே வந்தது மீண்டும் அதே யூகோசுலாவியா. இம்முறை முதல் கோலை அடித்தது இந்தியா. பின்னர் 4க்கு 1 எனத் தோற்றது. வெண்கலத்துக்கான ஆட்டத்தில் பல்கேரியாவிடம் 3க்கு 0. நான்காமிடம். ஒலிம்பிக் அரையிறுதியை எட்டிய முதல் ஆசிய அணி என்று பெருமை பேசும்போது, வென்றது ஒரே ஓர் ஆட்டம் என்பதையும் சேர்த்துச் சொல்வதே நேர்மை. ஆயினும் பத்துக்கு ஒன்றிலிருந்து நான்குக்கு ஒன்று வரை நடந்த பயணம் கணக்கில் வரத்தக்கது.

1960 ரோமிலும் ரஹீம்தான். ஹங்கேரியிடம் 2க்கு 1 எனத் தோல்வி. பிரான்சுடன் 1க்கு 1 எனச் சமன். பெருவிடம் 3க்கு 1 எனத் தோல்வி. வெற்றியே இல்லை. பெருவுக்கு எதிரான அந்த ஒரு கோலை அடித்தவர் தமிழரான சைமன் சுந்தரராஜ். அதற்குப்பின் இந்தியா ஒலிம்பிக் கால்பந்துக்குத் தகுதி பெறவே இல்லையாதலால், இந்தியாவின் கடைசி ஒலிம்பிக் கோல் என்ற பெயர் அறுபதாண்டுகளுக்கு மேலாக அதையே ஒட்டிக்கொண்டிருக்கிறது. சுந்தரராஜுக்கு அது பெருமையா, நமக்கு அது சிறுமையா என்று வாசகர்களே எண்ணிப் பார்க்கட்டும்.

வெற்றியில்லாத ரோமுக்குப் பின்னரும் ரஹீமை விலக்கவில்லை. 1962இல் ஜகார்த்தாவில் ஆசிய விளையாட்டுப் போட்டி. இஸ்ரேலையும் தைவானையும் இந்தோனேசிய அரசு சேர்த்துக்கொள்ளாததை இந்திய நிர்வாகி குருதத் சோந்தி கேள்வி கேட்டதால், நகரமே இந்தியர்மேல் கொதித்திருந்தது. அந்தச் சூழலில் முதல் ஆட்டத்திலேயே தென்கொரியாவிடம் 2க்கு 0 எனத் தோல்வி. அடுத்துத் தாய்லாந்தை 4க்கு 1 என வென்றபோது தடுப்பாட்டக்காரர் ஜர்னைல் சிங்கின் தலை உடைந்து தையல் போட வேண்டியதாயிற்று. ஜப்பானை 2க்கு 0 என வென்றது அவரின்றியே. அரையிறுதியில் ரஹீம் ஒரு முடிவெடுத்தார். தலையில் தையலோடு இருப்பவர் தற்காப்பில் நின்று ஓயாமல் பந்தை முட்டித் தள்ள முடியாது. ஆகவே அவரை முன்வரிசைக்கு அனுப்பினார். தென்வியட்நாமை 3க்கு 2 என வென்றார்கள். காய்ச்சலால் விலகியிருந்த பீட்டர் தங்கராஜ், கொரியரின் உயரத்துக்கு ஈடுகொடுக்க, இறுதி ஆட்டத்தில் மீண்டும் கோல் காப்பாளராக நிறுத்தப்பட்டார். ரஹீமின் நுரையீரலில் புற்றுநோய் வேர்விட்டிருந்த காலம் அது. நாளை எனக்கு ஒரு பரிசு தருவீர்களா என்று முந்தைய இரவில் அவர் கேட்டதை வீரர்கள் முதுமையிலும் சொல்லிச்சொல்லிக் கண்கலங்கினர்.

1962 செப்டம்பர் 4. இலட்சம் பேர் கூடிய அரங்கில் இந்தியாவின் நாட்டுப்பண் கூச்சலில் அமுங்கியது. இந்தியாவுக்காகக் கைதட்டிய சிலருள் பாகிஸ்தான் ஹாக்கி அணியினரும் இருந்தார்கள் என்பது, அரசியல் சில வேளைகளில் மைதானத்தின் வாசலில் செருப்போடு கழற்றி வைக்கப்படும் என்பதற்குச் சான்று. பி. கே. பானர்ஜி ஒரு கோல். முன்வரிசைக்கு அனுப்பப்பட்ட ஜர்னைல் சிங் ஒரு கோல். 2க்கு 1. தங்கம். அவ்வணியில் தங்கராஜ், அருமைநாயகம், எத்திராஜ் என்று நம் காதுக்குப் பழகிய பெயர்கள் இருந்தன. அடுத்த ஆண்டு ஜூன் 11ஆம் நாள் ரஹீம் இறந்தார். ஆசிய விளையாட்டில் இந்தியக் கால்பந்து அணி அதற்குப்பின் தங்கம் பெறவில்லை. 2024இல் ‘மைதான்’ என்னும் இந்தித் திரைப்படம் வரும்வரை, கால்பந்து வட்டாரத்துக்கு வெளியே அவர் பெயரை அறிந்தவர் மிகச் சிலரே.

ரஹீமைச் சம்மேளனம் காத்தது பொறுமையாலா என்ற கேள்வி எழுகிறது. நாம் அதை அவ்வளவு எளிதில் பொறுமை என்று பாராட்டத் தயாராயில்லை. தோல்வி என்றால் பயிற்சியாளர்மேல் பழி போட வேண்டும் என்னும் எண்ணமே அன்று நம்மிடையே முளைக்கவில்லை. பயிற்சியாளர் பெரிய ஊதியம் பெறும் மேலாளரல்லர். பள்ளிக்கூட ஆசிரியர் ஒருவர். அவரை விலக்கி மிச்சம் பிடிக்கப் பணமும் இல்லை, மாற்றாள் தேட ஆளும் இல்லை. பொருட்படுத்தாமையும் சில நேரம் பொறுமையின் வேலையைச் செய்துவிடுகிறது. ஆனால் கிடைத்த காலத்தை ஒருவர் எப்படிப் பயன்படுத்தினார் என்பது அவருடையது. அதில் ரஹீமுக்குப் பங்காளிகள் இல்லை.

அவருக்குப் பிறகு வந்த பட்டியல் நீண்டது. இங்கிலாந்துக்காரர் ஹாரி ரைட் 1964இல் ஆசியக் கோப்பையில் இரண்டாமிடம் பெற்றுத் தந்தார். 1970 பாங்காக் ஆசிய விளையாட்டில் வெண்கலம் வந்தது. எண்பதுகளில் யூகோசுலாவியர் மிலோவன் சிரிச். அவர் காலத்தில் 1984 ஆசியக் கோப்பைக்கு இந்தியா தகுதி பெற்றது. பின்னர் ஹங்கேரியர், செக் நாட்டவர், உசுபெக்கியர், நம்மவர், மீண்டும் வெளிநாட்டவர் என்று ஓராண்டு, ஈராண்டுக்கு ஒருவராக மாறினர். உசுபெக்கியரான ருஸ்தம் அக்ரமோவ் இளைஞர் பாய்ச்சுங் பூட்டியாவை 1995இல் அணிக்குள் கொண்டுவந்தார். 1996 பிப்ரவரியில் உலகத் தரவரிசையில் இந்தியா 94ஆம் இடத்தை எட்டியது. அதற்கு மேல் ஏறியதில்லை. மறு ஆண்டு அவரும் இல்லை.

சற்றே நீண்டு நின்றவர்கள் சிலர். பாப் ஹௌட்டன் 2006 முதல் 2011 வரை இருந்து, 2007, 2009 ஆண்டுகளின் நேரு கோப்பைகளையும் 2008இன் ஏ.எஃப்.சி. சேலஞ்ச் கோப்பையையும் வென்று, 27 ஆண்டுகளுக்குப் பின் ஆசியக் கோப்பைக்கு அணியைக் கொண்டுசென்றார். அங்கே மூன்று ஆட்டங்களிலும் தோற்றபின் அவ்வாண்டே பதவியைவிட்டு நீங்கினார். ஸ்டீபன் கான்ஸ்டன்டைனின் முடிவு இன்னும் உருக்கமானது. 2019 ஜனவரியில் தாய்லாந்தை 4க்கு 1 என வென்று நம்பிக்கை ஊட்டிய அவருடைய அணி, எட்டு நாட்களில் பஹ்ரைனிடம் கூடுதல் நேரத்துப் பெனால்ட்டி ஒன்றினால் தோற்று வெளியேறியது. யாரும் அவரை நீக்கக் காத்திருக்கவில்லை. ஆட்டம் முடிந்த கையோடு அவரே விலகினார். ஒரு வீரரின் கால் ஒரு நொடி தவறியதில் நான்காண்டு உழைப்பு முடிந்தது.

அடுத்து வந்தவர் 1998 உலகக் கோப்பையில் மூன்றாமிடம் பெற்ற குரோஷிய அணியின் இகோர் ஸ்டிமாச். 2019 மே முதல் ஐந்தாண்டுகள். 2023இல் மூன்று கோப்பைகளை வென்றபோது கொண்டாடினோம். 2026 வரை ஒப்பந்தமும் நீட்டிக்கப்பட்டது. 2022 தகுதிச் சுற்றின்போது அணித்தேர்வுக்குச் சோதிடர் ஒருவரின் யோசனை கேட்கப்பட்டதாக இடையே ஒரு செய்தித்தாள் எழுதியது. அத்தகுதிச் சுற்றில் இந்தியா மூன்று ஆட்டங்களிலும் வென்றுவிட்டது என்பது சோதிடர்களுக்கு மகிழ்ச்சி தரும். ஆனால் 2024 ஜனவரியில் ஆசியக் கோப்பையின் மூன்று ஆட்டங்களிலும் ஒரு கோலும் அடிக்காமல் தோல்வி. மார்ச்சில் குவாஹாட்டியில் ஆப்கானிஸ்தானிடம் தோல்வி. ஜூனில் தோகாவில், எல்லைக் கோட்டைக் கடந்துபோன பந்தைக் கோலாக்கியதாக நாமெல்லாம் குமுறிய அந்த ஆட்டத்தில் கத்தாரிடம் தோல்வி. ஜூன் 17இல் நீக்கம். எஞ்சிய ஒப்பந்தத்துக்காக மூன்று கோடி ரூபாய்க்கு மேல் இழப்பீடு. டெக்சாஸின் வழக்கம் தில்லிக்கு வந்து சேர்ந்ததற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை. சிறுவர் போட்டிகளுக்கும் மைதானங்களுக்கும் போயிருக்க வேண்டிய பணம் அது என்று நாம் வருந்தினாலும், கையெழுத்திட்ட ஒப்பந்தத்தை மதிக்க வேண்டும் என்பதும் நீதியே. இரண்டும் ஒருசேர உண்மையாயிருப்பதுதான் இதில் உள்ள சங்கடம்.

ஸ்பெயின் நாட்டின் மனோலோ மார்க்கேஸ் கோவா அணியின் பயிற்சியையும் வைத்துக்கொண்டே தேசிய அணியையும் ஓராண்டு நடத்தினார். எட்டு ஆட்டங்களில் ஒரே வெற்றி. ஒரு பங்கில் இருந்துகொண்டே அடுத்த பங்கையும் கவனிக்கும் குருக்களுக்கு அவர் நிலை புரியும். 2025 ஜூலையில் அவர் விலக, ஆகஸ்டில் காலித் ஜமீல் அமர்த்தப்பட்டார். 2012இல் சாவியோ மெதேரா விலகியபின் 13 ஆண்டுகளாக நம் நாட்டவர் ஒருவருக்கும் இவ்விடம் கொடுக்கப்பட்டதில்லை. பொறுப்பேற்றவுடன் மத்திய ஆசிய நாடுகளின் போட்டியில் ஓமானை வென்று மூன்றாமிடம் பெற்றார். அக்டோபர் 14இல் கோவாவில் சிங்கப்பூர் 2க்கு 1 என வென்றபோது 2027 ஆசியக் கோப்பையின் கதவு இந்தியாவுக்கு மூடியது. ரஹீம் ஊரிலும் அமெரிக்காவிலும் நாம் பார்த்த அதே கேள்வி மறுநாளே எழுந்தது. நீக்கம் நடக்கவில்லை. அடுத்த மாதம் டாக்காவில் வங்கதேசத்தைச் சந்திக்க அவரே அணியை அழைத்துச் சென்றார். அந்த ஆட்டத்திலும், 22 ஆண்டுகளில் முதன்முறையாக, அவர்களிடம் 1க்கு 0 என்று தோற்றோம்.